பெயர் ஊர்ச் சபையில், ஆராதனை யூடியூபில்: நான் எந்தச் சபையின் அங்கத்தினர்?

கேள்வி:

எனக்கு வயது 34. சொந்த ஊர் நாசரேத் பக்கம் ஒரு கிராமம். ஒன்பது வருடமாகச் சென்னையில் வேலை, பெருங்களத்தூரில் குடியிருக்கிறோம். ஞானஸ்நானம், திடப்படுத்தல் (வளர்ந்தபின் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு), கல்யாணம் எல்லாம் ஊர் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில்தான். அப்பா வருடாவருடம் என் பெயருக்கும் சேர்த்துச் சங்கக் காணிக்கை கட்டிவிடுகிறார். நான் அங்கே போவது கிறிஸ்துமஸுக்கும் அசன விருந்துக்கும் மட்டும். இங்கே 20 கிலோமீட்டர் தள்ளி ஒரு பெரிய சுயாதீன சபைக்கு மாதம் ஒரு தடவை போவோம். மற்ற ஞாயிறுகளில் யூடியூப். அந்தச் சபையில் இப்போது அங்கத்தினர் படிவம் கொடுத்திருக்கிறார்கள். தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒன்று), முழுக்கு ஞானஸ்நானம், வாரக் குழு எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். "விசுவாசம் மனசுல இருந்தா போதாதா, கையெழுத்து எதுக்கு?" என்கிறாள் மனைவி. "ஊர்ல பேரை எடுத்துட்டா நாளைக்கு அடக்கம் பண்ண மண்ணுகூடக் கிடைக்காது" என்கிறார் அப்பா. ஊர்ச் சபையிலோ தேர்தல் வந்தால் அடிதடி. ஆறு மாதக் குழந்தைக்கு எங்கே ஞானஸ்நானம் கொடுப்பது என்பதிலேயே வீட்டில் சண்டை. சபை என்பது எதற்குத்தான் இருக்கிறது? நான் எதில் இருக்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு, ஸ்தோத்திரம்.

உங்களுக்குச் சபைக்குக் குறைவில்லை, கூடுதலாகவே இருக்கிறது. ஊரில் பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. நகரத்துச் சபையில் ஆள் எப்போதாவது இருக்கிறார், பெயர் இல்லை. யூடியூபில் இரண்டுமே இல்லை. வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சபைகளைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூடக் காணோம். பெருங்களத்தூர், தாம்பரம் வட்டாரத்தில் ஆலயத்துக்கா பஞ்சம்? அந்த விடுபட்ட வரியில்தான் உங்களுக்கான பதில் பெரும்பாலும் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் உங்கள் மனைவியின் கேள்வி. மனதில் விசுவாசம் இருந்தால் இரட்சிப்புக்குப் போதும். அதற்குச் சபை ரசீது தேவையில்லை. ஆனால் புதிய ஏற்பாட்டில் விசுவாசிகளுக்குச் சொல்லியிருப்பதில் பலவும் தனியாக இருந்து செய்ய முடியாதவை. ஒருவருக்கொருவர் பாரம் சுமப்பது, ஒருவருக்கொருவர் புத்தி சொல்வது, வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைத்து ஜெபிக்கச் சொல்வது, குற்றம் செய்த சகோதரனிடம் தனியே போய்ப் பேசுவது, இதையெல்லாம் யாரோடு செய்வீர்கள்? ஆள் யார் என்று தெரிந்த, எண்ணிக்கைக்குள் அடங்கிய ஒரு கூட்டம் வேண்டும். ஆதி சபை அப்படித்தான் இருந்தது. எருசலேமில் பந்தி விசாரிப்பில் தங்கள் விதவைகள் விடுபட்டுப்போகிறார்கள் என்று கிரேக்கர் முறுமுறுத்தார்கள் (அப்போஸ்தலர் 6). கணக்கே இல்லாத இடத்தில் 'விடுபட்டது' என்று ஒருவர் சொல்ல முடியாது. விதவைகள் கூட்டத்தில் சேர்க்க அறுபது வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார் (1 தீமோத்தேயு 5:9). வயது பார்த்துச் சேர்க்கிறார்கள் என்றால் பட்டியல் இருந்தது என்றுதானே அர்த்தம்?

சபை எதற்கு என்பதற்கு நான் வழக்கமாகக் காட்டும் வசனம் அப்போஸ்தலர் 2:42. "அவர்கள் அப்போஸ்தலருடைய உபதேசத்திலும், அந்நியோந்நியத்திலும், அப்பம் பிட்குதலிலும், ஜெபம்பண்ணுதலிலும் உறுதியாய்த் தரித்திருந்தார்கள்." நான்கு காரியங்கள். உங்கள் யூடியூப் ஞாயிறுகளில் முதலாவது கிடைக்கிறது. ஒருவேளை ஊர் ஐயர் (போதகர்) பிரசங்கத்தைவிட நன்றாகவே கிடைக்கலாம். நான்காவதும் ஓரளவு. நடுவில் உள்ள இரண்டும் கிடைக்கவே வழியில்லை. அப்பம் பிட்குதல் என்பது நம் திருவிருந்து; அதைக் கடைசியாக எப்போது எடுத்தீர்கள்? ஊரில் கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனையில் என்றால், வருடத்துக்கு ஒரு தடவை. படுக்கையில் இருப்பவர்களுக்கும் கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மாருக்கும் நேரலை ஒரு நல்ல ஏற்பாடு. நடக்கக் கால் இருக்கிறவருக்கு அது சபை இல்லை.

இந்த நாலோடு ஐந்தாவதாக வெளியே பார்க்கிற வேலையும் சபைக்கு உண்டு. உங்கள் ஊர்ப்பக்கமே அதற்குச் சாட்சி. 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ், 1830-ல் தர்ம சங்கம் ஏற்படுத்தினார். கிறிஸ்தவர்கள் ஆனதற்காக நிலக்காரர்கள் குடியிருப்பிலிருந்து விரட்டியவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுப்பது அதன் முக்கிய வேலை; அப்படி எழுந்த கிறிஸ்தவக் கிராமங்கள் பல. அன்றைக்கு 'நான் இந்தச் சபை' என்று சொன்னவருக்குக் கூரை, கிணறு, பள்ளிக்கூடம் எல்லாம் அந்தச் சொல்லோடு சேர்ந்து வந்தன. பொறுப்பும் சேர்ந்தே வந்தது. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைத்துச் சபைக்குக் கொண்டுவந்து கொடுத்த பெண்கள், நோட்டு எதையும் கையில் பார்த்தவர்கள் அல்ல. அப்படிப்பட்ட சபைகள் சேர்ந்து 1903-ல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு தேசத்தில் டோர்னக்கல் பகுதிக்கு ஆள் அனுப்பின. அதற்கு முன்னின்ற வெள்ளாளன்விளை அசரியா 1912-ல் அந்த டோர்னக்கலுக்கே பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். உங்கள் அப்பா கட்டும் சங்கக் காணிக்கைக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. அதைக் கல்லறைக்கு முன்பணமாகச் சுருக்கிவிட்டது நம் தலைமுறைதான்.

சரி, எந்தச் சபை? என் தீர்மானமான கருத்து: வாரம் தவறாமல் போக முடிகிற தூரத்தில் உள்ள சபை. 20 கிலோமீட்டர் என்பது ஞாயிறு காலையில் குழந்தையோடு பேருந்தும் ரயிலும் மாறி ஒன்றரை மணி நேரம். மாதம் ஒரு முறைதான் போகிறீர்கள் என்பதற்கு உங்கள் பக்தி காரணமில்லை, ஜிஎஸ்டி சாலைதான் காரணம். அங்கத்தினர் ஆகிவிட்டால் அந்தச் சாலை குறுகிவிடாது.

ஆகவே வீட்டுக்குப் பக்கத்துச் சபைக்குத் தொடர்ந்து எட்டு ஞாயிறு போய்ப் பாருங்கள். எட்டு ஏன் என்றால், அதற்குள் திருவிருந்து ஞாயிறு ஒன்றிரண்டாவது வந்துவிடும், வெவ்வேறு ஆட்கள் பிரசங்கிப்பார்கள், பண்டிகை பரபரப்பு இல்லாத சாதாரண ஞாயிறும் தெரியும். கவனிக்க வேண்டியவை பாட்டுக் குழுவும் ஏசியும் அல்ல. பிரசங்கத்தில் வேதபகுதி திறந்து விளக்கப்படுகிறதா, அல்லது ஒரு வசனத்தை வாசித்து மூடிவிட்டு வேறு கதை ஓடுகிறதா? ஆராதனை முடிந்ததும் புது முகத்தோடு யாராவது பேசுகிறார்களா? வியாதியாக இருப்பவர்கள் பெயர் சொல்லி ஜெபிக்கிறார்களா? வருடாந்தரக் கணக்கு அச்சடித்துச் சபையார் கையில் தருகிறார்களா? இரண்டு வாரம் வராதவரைத் தேடி யாராவது போகிறார்களா? கடைசியில் ஒரு எச்சரிக்கை: காணிக்கைக் கவர் வராத மாதம் மட்டும் ஆள் அனுப்புகிற சபைகளும் உண்டு.

இன்னொன்றையும் பாருங்கள், வெளியே சொல்லத் தயங்கினாலும். அந்தச் சபை முழுக்க ஒரே ஜாதி, ஒரே ஊர்க்காரர்கள் வட்டமாக இருந்தால் உங்களுக்கு முதல் நாளே சொகுசாக இருக்கும்; அதுவே ஆபத்து. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் ஜாதி வேற்றுமை கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியபோது வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். ஆண்டவரை விட்டாலும் விடுவேன், வரிசையை விடமாட்டேன் என்கிற அந்த மனது இன்னும் சில கல்லறைத் தோட்டங்களில் சுவராக நிற்கிறது. திருவிருந்துக் கிண்ணத்தை யாருக்குப் பின்னால் நின்று வாங்குகிறோம் என்று பார்க்கிற இடத்தில் உங்கள் பிள்ளை வளர வேண்டாம்.

பக்கத்தில் இருப்பது சிஎஸ்ஐ என்றால் உங்களுக்கு ஒரு வசதி. 1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானதிலிருந்து எல்லாத் திருமண்டலங்களும் (ஒரு பேராயரின் கீழுள்ள பகுதிகள்; பேராயம் என்றும் சொல்வார்கள்) ஒரே திருச்சபை. தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலத்திலிருந்து சென்னைப் பேராயத்துக்கு வருகிறவர் புதிதாக எதையும் எடுக்க வேண்டியதில்லை. ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் அப்படியே செல்லும். வேண்டியது மாற்றுக் கடிதம் மட்டும். இதுவும் இன்றைக்கு வந்த ஆபீஸ் சடங்கு இல்லை. கெங்கிரேயா சபையின் பெபேயாளை ஏற்றுக்கொள்ளும்படி பவுல் ரோமாபுரிக்கு எழுதி அனுப்பியதும் இதே வகைக் கடிதம்தான்.

பெரிய சபையின் படிவத்துக்கு வருகிறேன். எழுத்தில் உடன்படிக்கை கேட்பதே தவறு என்று உங்கள் மனைவி நினைக்க வேண்டாம். எதிர்பார்ப்பை முன்கூட்டியே எழுதித் தருவது, பின்னால் முணுமுணுப்பதைவிட நேர்மையானது. நம் சபைகளில் அங்கத்தினரின் கடமை என்ன என்று கேட்டால் சந்தா என்று மட்டும்தான் பலருக்குச் சொல்லத் தெரியும். ஆனால் கையெழுத்துப் போடுமுன் நாலு விஷயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அறக்கட்டளை யார் பெயரில், அறங்காவலர்களில் போதகர் குடும்பத்தைச் சேராதவர் எத்தனை பேர்? தணிக்கை செய்த கணக்கு அங்கத்தினருக்குக் கிடைக்குமா? போதகர் மேல் புகார் வந்தால் விசாரிக்கும் அதிகாரம் யாருக்கு? விலக விரும்பினால் எப்படி விலகுவது? படிவத்தில் உங்கள் கடமைகள் பன்னிரண்டும் சபையின் கடமை பூஜ்யமுமாக இருந்தால் அது உடன்படிக்கை இல்லை. இந்தக் கேள்விகளைக் கேட்டதற்கே முகம் சுளித்தால் பதில் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முழுக்கு ஞானஸ்நானம் தனி விஷயம். பாப்திஸ்து, பெந்தெகொஸ்தே சபைகள் தானே விசுவாசித்து அறிக்கை செய்தவருக்கே ஞானஸ்நானம் என்று போதிக்கின்றன. சிறு வயதில் பெற்றதை அவை கணக்கில் எடுப்பதில்லை. சிஎஸ்ஐ, லுத்தரன் சபைகள் குழந்தை ஞானஸ்நானத்தையும் முழுமையான ஞானஸ்நானமாகவே ஏற்கின்றன. இரண்டாவது முறை எடுப்பதை ஒப்புக்கொள்வதில்லை. இரண்டு பக்கமும் வேதத்தை வைத்துத்தான் பேசுகிறார்கள், உட்கார்ந்து படித்து மனச்சாட்சிப்படி தீர்மானியுங்கள். ஆனால் படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்புவதற்காகத் தண்ணீரில் இறங்காதீர்கள். இறங்கினபின் ஊர்ச் சபையில் திரும்பப் பெயர் சேர்ப்பது, அங்கே பிள்ளைக்குக் கல்யாணம் வைப்பது எல்லாம் சிக்கலாகலாம்; அதையும் தெரிந்தே செய்யுங்கள்.

பணம் பற்றி நேரடியாகவே பேசுவோம். தசமபாகம் என்றவுடன், தசமபாகங்களையெல்லாம் பண்டசாலைக்குக் கொண்டுவாருங்கள் என்கிற மல்கியா 3:10-ஐ நீட்டுவார்கள். நியாயப்பிரமாணத்தில் லேவியருக்கு ஒரு பத்தில் ஒன்று (எண்ணாகமம் 18), குடும்பத்தோடு கர்த்தருடைய சந்நிதியில் புசித்து மகிழ ஒரு பத்தில் ஒன்று, மூன்றாம் வருடம் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் (உபாகமம் 14) என்று வருகிறது. முழுவதும் ஆலயத்துக்கு மட்டும் போனதில்லை. பவுல் சதவிகிதம் எதையும் சொல்லவில்லை. வரவுக்குத் தக்கதாக வாரத்தின் முதல் நாளில் எடுத்து வையுங்கள் என்கிறார் (1 கொரிந்தியர் 16:2), விசனமாயும் அல்ல, கட்டாயமாயும் அல்ல என்கிறார் (2 கொரிந்தியர் 9:7). பத்தில் ஒன்று என்பது நல்ல இலக்கு. அங்கத்தினர் ஆவதற்கு நிபந்தனையாக வைத்துச் சம்பளச் சீட்டு கேட்பது அத்துமீறல்.

நடைமுறையில் எப்படித் தொடங்குவது? உதாரணத்துக்கு இருவர் சம்பளமும் சேர்த்துக் கைக்கு வருவது 90,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக் கடன் ஓடுகிறது. முதல் வருடம் நூற்றுக்கு ஐந்து, அதாவது 4,500 ரூபாய். அதில் 3,000 நீங்கள் வாராவாரம் உட்காரும் சபைக்கு. 900 ஊர்ச் சபைக்கு, நன்றிக்காக. 600 ஊழியத்துக்கோ பக்கத்தில் தெரிந்த ஓர் ஏழைப் பிள்ளையின் படிப்புக்கோ. சம்பளம் வந்த அன்றே எடுத்து வைத்துவிடுங்கள், மாதக் கடைசியில் மீதி இருந்தால் என்று பார்த்தால் மீதி இருக்காது. சம்பளம் உயரும்போது விகிதத்தையும் கொஞ்சம் ஏற்றுங்கள். கிரெடிட் கார்டு பாக்கி வைத்துக்கொண்டு பொருத்தனைக் (நேர்த்திக்கடன்) காணிக்கை போடாதீர்கள். அந்த வட்டியில் ஆண்டவருக்கு மகிமை எதுவும் இல்லை. சந்தாவையும் காணிக்கையையும் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். சந்தா என்பது, உங்கள் அப்பா கட்டும் சங்கக் காணிக்கை போல, பதிவேட்டில் பெயர் நிற்பதற்கான வருடாந்தரத் தொகை. பெரும்பாலும் சிறிய தொகைதான். சந்தா கட்டியாயிற்று, கடமை முடிந்தது என்று எண்ணுவது நம்மூர் வழக்கமான தவறு.

கொடுப்பவருக்குக் கணக்குக் கேட்கும் பொறுப்பும் உண்டு. ஒழுங்கான சபையில் ஞாயிறு காணிக்கை எங்கே போகிறது என்று பாருங்கள். பைகள் பீடத்திலிருந்து நேரே வெஸ்ட்ரி (ஆலயத்தின் பக்க அறை) மேசைக்குப் போகும். ஒரே வீட்டைச் சேராத இரண்டு பேராவது உட்கார்ந்து கொட்டி, நோட்டைத் தனியே, சில்லறையைத் தனியே எண்ணி, கவர்களைப் பிரித்து எண் வாரியாகக் குறித்து, காணிக்கைப் பதிவேட்டில் தேதி, ஆராதனை, தொகை எழுதி இருவரும் கையெழுத்திடுவார்கள். திங்கட்கிழமை முழுத் தொகையும் வங்கிக்குப் போகும். செலவெல்லாம் பின்னால் வவுச்சர் வைத்துத்தான். சறுக்குவது எங்கே தெரியுமா? "பூக்காரருக்கு இப்பவே குடுத்திரலாம்" என்று அந்த மேசையிலேயே நூறு, இருநூறு எடுக்கும் இடத்தில். திருட்டு நோக்கம் இல்லாமலேயே அன்றைய வரவு பதிவேட்டில் குறைந்துவிடும். ஆறு மாதம் கழித்துச் சந்தேகம் வந்தால் யாராலும் நிரூபிக்க முடியாது. எருசலேமுக்கான தர்மப் பணத்தைத் தனியாளாகக் கொண்டுபோகாமல் பவுல் துணைக்கு ஆள் சேர்த்துக்கொண்டதும், கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாய் இருக்க வேண்டும் என்று காரணம் சொன்னதும் இதற்காகத்தான் (2 கொரிந்தியர் 8:20, 21). ஆறு மாதம் போனபின் காணிக்கை எண்ணும் வேலைக்கு உங்கள் பெயரைக் கொடுங்கள். அலுவலகத்தில் கணக்குப் பார்க்கத் தெரிந்த ஆளுக்கு இதைவிடப் பொருத்தமான ஊழியம் குறைவு.

அங்கத்தினர் ஆனபின் என்ன செய்வது என்று கேட்கவில்லை நீங்கள். ஆனால் அங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். வந்து ஒரு மாதத்தில் பாடகர் குழு, வாலிபர் சங்கம், கட்டடக் கமிட்டி என்று மூன்றில் பெயர் கொடுப்பார்கள். ஒரு வருடத்தில் மூன்றிலும் மனஸ்தாபம் வந்து வேறு சபை தேடுவார்கள். முதல் வருடம் ஒரே ஒரு வேலை போதும். அதுவும் மேடை இல்லாத வேலையாக இருக்கட்டும். ஓய்வுநாள் பள்ளியில் ஒரு வகுப்புக்கு உதவி, ஆராதனைக்கு முன் நாற்காலி போடுவது, நடக்க முடியாத ஒரு முதியவரை ஆட்டோவில் கூட்டி வருவது. கமிட்டிக்கு நிற்கச் சொல்லி யாராவது வந்தால் இரண்டு வருடம் கழித்து வரச் சொல்லுங்கள். வாரநாளில் நடக்கும் பகுதி ஜெபக்கூட்டத்துக்கு மட்டும் தவறாமல் போங்கள், ஞாயிறு ஆராதனையில் முகம்தான் தெரியும். யார் வீட்டில் என்ன கஷ்டம் என்பது அங்கேதான் தெரியவரும். வருடத்தில் ஒரு தடவையாவது அந்தக் கூட்டம் உங்கள் வீட்டிலும் நடக்கட்டும். டீயும் பிஸ்கட்டும் போதும். பிரியாணி போட ஆரம்பித்தால் அடுத்த வீட்டுக்காரர் அழைக்கத் தயங்குவார்.

ஊர்ச் சபைச் சண்டை பற்றி. சொத்து, பள்ளி நியமனம், டி.சி. (திருமண்டல மன்றம்) தேர்தல் என்று நடப்பதெல்லாம் வெட்கக்கேடுதான், மறைக்க ஒன்றுமில்லை. என்றாலும் ஒன்று சொல்வேன்: 'அங்கே சண்டை, அதனால் விலகுகிறேன்' என்று எழுதிவிட்டு வராதீர்கள். நீங்கள் விலகக் காரணம் தூரம். அது உண்மை, அது போதும். சண்டையைக் காரணமாகச் சொன்னால் அப்பா அங்கே ஏதோ ஒரு கட்சிக்காரர் ஆக்கப்படுவார். தேர்தல் வருடத்தில் மாற்றுக் கடிதம் கேட்டாலும் ஓட்டுக் கணக்குப் பார்த்து இழுத்தடிப்பார்கள். முடிந்தால் வேறு வருடத்தில் கேளுங்கள்.

புதிய சபையிலும் பூசல் வரும். வந்தால் மத்தேயு 18:15 முதல் 17 வரை உள்ள வரிசைதான்: முதலில் நீங்களும் அவரும் தனியே, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரோடு, அதன் பிறகே சபைக்கு. நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் வாட்ஸ்அப் குழு, பிறகு நாலு பேர், கடைசிவரை சம்பந்தப்பட்டவரிடம் பேசுவதே இல்லை. ஒரு விதிவிலக்கு உண்டு, அதில் சமரசம் கிடையாது. குழந்தையிடம் யாராவது தவறாக நடந்தால் அது மத்தேயு 18 காரியம் அல்ல, போலீஸ் காரியம். 2012-ஆம் வருட போக்ஸோ சட்டப்படி, தெரிந்தவர் தகவல் கொடுக்க வேண்டியது கட்டாயம். 'சபையின் பெயர் கெடும், உள்ளேயே பேசி முடிப்போம்' என்று எந்தப் பெரியவர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

குழந்தைக்கு ஞானஸ்நானம்: பிள்ளை எந்தச் சபையில் வளரப்போகிறதோ அங்கே. அந்த ஆராதனையில் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் மட்டுமல்ல, கூடியிருக்கும் சபையாரும் அந்தப் பிள்ளைக்குப் பொறுப்பேற்கிறார்கள். வருடத்தில் இரண்டு நாள் மட்டும் பார்க்கும் பிள்ளைக்கு ஊர்ச் சபை எப்படிப் பொறுப்பேற்கும்? இருந்தாலும் தாத்தா பாட்டி ஆசை பெரியது என்றால், மாற்றம் ஆகுமுன் ஊரிலேயே கொடுத்துவிட்டு அந்தப் பதிவோடு வாருங்கள், அதில் தவறில்லை. சான்றிதழில் குழந்தையின் பெயர் எழுத்து பிறப்புச் சான்றிதழோடு ஒத்திருக்கிறதா என்று பதிவேட்டில் மை காயுமுன் பாருங்கள். பள்ளிச் சேர்க்கையில் ஒரு எழுத்துக்காக ஊருக்கும் சென்னைக்கும் அலைந்தவர்கள் நிறைய.

அப்பாவின் பயத்தை லேசாக எடுக்காதீர்கள். சென்னையில் கல்லறை இடம் உண்மையிலேயே நெருக்கடி. கீழ்ப்பாக்கத்தில் புதுக்குழிக்கு இடமில்லாமல் குடும்பக் கல்லறையையே திறந்து அடக்கம் செய்கிறார்கள். ஆனால் நீங்கள் மாறினால் அப்பா அம்மாவின் உரிமை போகாது. அவர்கள் அந்தச் சபையின் அங்கத்தினர்கள், அவர்கள் பெயர் தனி. உங்கள் குடும்பப் பெயர்கள் மட்டும் மாறும். உங்களுக்கு அங்கே இடம் கிடைக்குமா என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். வெளியூரில் இருக்கும் சொந்த ஊர்க்காரருக்குக் கட்டணம் வாங்கி அனுமதிக்கிற சபைகள் உண்டு. இதை ஐயரிடம் நேரில் கேட்டு, சபைக் கமிட்டித் தீர்மானமாக இருந்தால் நகல் வாங்கி அப்பா கையில் கொடுங்கள். வாய்வார்த்தையை அவர் நம்பமாட்டார், நம்ப வேண்டியதும் இல்லை.

மாற்றம் செய்யும் வரிசை இப்படி இருக்கட்டும். எட்டு ஞாயிறு முடிந்து மனது நின்றால், முதலில் இங்குள்ள ஆயரை (போதகரை) ஒரு வாரநாள் மாலையில் பாருங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் பத்துப் பேர் சூழ்ந்திருக்கும்போது வேண்டாம். சேர்க்கை விதி, படிவம், சந்தா, ஓட்டுரிமைக்கு எத்தனை காலம் இருக்க வேண்டும் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். சேகரத்துக்குச் சேகரம் (ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபைகள்) மாறும். பிறகு ஊர்ச் சேகரத்துக்கு எழுதுங்கள். கடிதம் நீளமாக வேண்டாம்:

"மதிப்பிற்குரிய ஐயர் அவர்களுக்கு, ஸ்தோத்திரம். வேலை நிமித்தம் நானும் என் குடும்பத்தாரும் சென்னையில் நிரந்தரமாகக் குடியிருப்பதால், எங்கள் சபை அங்கத்துவத்தை இங்குள்ள சபைக்கு மாற்றிக்கொள்ள விரும்புகிறோம். எங்கள் பெயர், ஞானஸ்நானத் தேதி, திடப்படுத்தல் தேதி ஆகியவற்றைக் கீழே குறித்துள்ளேன். இந்த வருடம் வரை சங்கக் காணிக்கை செலுத்திய ரசீது நகல் இணைத்துள்ளேன். மாற்றுக் கடிதம் தந்து, தங்கள் பதிவேட்டில் எங்கள் பெயர் நீக்கப்பட்டதையும் குறிப்பிட வேண்டுகிறேன். என் பெற்றோர் தொடர்ந்து தங்கள் சபையிலேயே அங்கத்தினராக இருப்பார்கள்."

பெயர் நீக்கத்தைப் பற்றிய அந்த வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் இரண்டு பட்டியலிலும் பெயர் இருக்கும். அடுத்த தேர்தலில் நீங்கள் போகாமலே உங்கள் ஓட்டு விழுந்திருக்கும். கடிதத்தைத் தபாலில் அனுப்புவதைவிட நேரில் கொடுப்பது நல்லது. அதற்காகக் கிறிஸ்துமஸ் வாரத்தில் போய் நிற்காதீர்கள். அட்வென்ட் (கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு வாரம்) தொடங்கிவிட்டால் ஐயருக்கும் அவருக்கு உதவும் உபதேசியாருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது, கீத பவனி, வீட்டு ஜெபம், ஆலய அலங்காரம் என்று ஓடுவார்கள். நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை போங்கள். மனைவியின் திடப்படுத்தல் வேறு சேகரத்தில் நடந்திருந்தால் அந்தச் சான்றிதழ் நகலையும் கொண்டுபோங்கள். சந்தாப் பாக்கி ஏதும் இருந்தால் அன்றே கட்டி ரசீது வாங்கிவிடுங்கள். கடிதம் கையில் கிடைத்ததும் அடுத்த ஞாயிறே இங்குள்ள ஆயரிடம் கொடுத்து, குடும்பப் பதிவேட்டில் உங்கள் எண் என்ன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.